இரத்தம் எடுக்க வந்தவர்கள் கேட்டவை: பரம்பரை வருத்தங்கள் பற்றிய கேள்வி பதில்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ள சின்ன ஆய்வுகூடத்தில் 17 வருடமாக வேலை செய்கிறேன். இரத்தம் எடுத்து முடிய, கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழும்புகிற ஆட்கள் கதவடியில் நின்று ஒரு கேள்வி கேட்பார்கள். பெரும்பாலும் நேற்று வேறு யாரோ கேட்ட அதே கேள்விதான். கலியாணம் பேசுகிற வீட்டார், பிள்ளைத்தாச்சிகள், பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு போய்க் களைத்த தாய்மார் என்று பலரும் கேட்டதை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்தேன். அதைத்தான் இங்கே தருகிறேன், கேள்விகள் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே. நான் டொக்டர் இல்லை. மருந்து, சிகிச்சை எல்லாம் உங்கள் டொக்டரோடு பேச வேண்டியவை.

ஜீன், டீ.என்.ஏ, நிறமூர்த்தம் எண்டு ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லுறாங்கள். எல்லாம் ஒண்டா, வேற வேறயா?

ஒன்றுக்குள் ஒன்று. டீ.என்.ஏ என்பது நூல். அந்த நூல் இறுக்கிச் சுற்றிய கட்டைதான் நிறமூர்த்தம். நூலில் ஒரு குறிப்பிட்ட நீளம், இந்தப் புரதத்தை இப்படிச் செய் என்று உடம்புக்குச் சொல்லும் துண்டு, அதுதான் ஜீன், பள்ளிக்கூடப் புத்தகத்தில் பரம்பரை அலகு என்று இருக்கும். மனிதருக்கு 46 நிறமூர்த்தங்கள், அதாவது 23 சோடி. (46தான் என்று உறுதியானது 1956இல், அதற்கு முன் 48 என்று படிப்பித்தார்கள்.) ஜீன்கள் ஏறக்குறைய 20,000.

இதில் ஒரு விசயத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், கீழே வருகிற பதில்கள் பாதிக்கு மேல் அதில்தான் நிற்கின்றன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது, ஆகவே ஏறக்குறைய எல்லா ஜீனும் உங்களிடம் இரண்டு பிரதி இருக்கிறது. உதாரணத்துக்கு, இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற ஈமோகுளோபினில் பீட்டா என்று ஒரு பகுதி உண்டு, அதைச் செய்யும் ஜீன் 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. உங்களிடம் 11ஆம் நிறமூர்த்தம் இரண்டு. பிள்ளைக்கு நீங்கள் கொடுப்பது அதில் ஒன்றை மட்டும், எது போகும் என்பது சீட்டுக் குலுக்கல்.

எங்கட ரெண்டு குடும்பத்திலயும் ஒருத்தருக்கும் இல்லை. பிறகெப்பிடி இது பரம்பரை வருத்தம்?

இதைக் கேட்காத தாய் தகப்பன் இல்லை. பரம்பரை வருத்தம் என்றால் அப்பப்பாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு வந்தது, இப்போது பிள்ளைக்கு என்று வரிசையாக வர வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி வருகிறவையும் உண்டு. ஆனால் தலசீமியா, அதாவது உடம்பு ஈமோகுளோபினைப் போதிய அளவு செய்யாத வருத்தம், அது மாதிரியானவை பல பரம்பரைக்கு ஒளிந்தே வரும்.

இரண்டு பிரதியில் ஒன்று பழுது, மற்றது நல்லது என்றால் நல்லது வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது. இப்படிப்பட்டவரைக் காவி என்கிறோம். காவி ஒருவர் காவி இல்லாதவரைக் கட்டினால் பிள்ளைகளில் சிலர் காவியாகப் பிறப்பார்கள், வருத்தம் யாருக்கும் வராது. இப்படியே அம்மம்மா, அவருடைய அம்மா என்று நூறு வருடம் சத்தமில்லாமல் வந்திருக்கலாம். ஒரு தலைமுறையில் காவியும் காவியும் சேருகிறார்கள், இருவருடைய பழுதான பிரதியும் ஒரே பிள்ளைக்குப் போகிறது, அப்போதுதான் வருத்தம் வெளியே தெரிகிறது. மெண்டல் என்ற பாதிரியார் பட்டாணிச் செடியில் இதே ஒளிவதையும் திரும்ப வெளிவருவதையும் கண்டு 1866இல் அச்சிட்டார்.

காவி எண்டா அரைவாசி வருத்தக்காரர் எண்டு தானே அர்த்தம்?

இல்லை. தலசீமியா காவிக்குச் சிகிச்சை தேவையில்லை, ஆயுள் குறையாது, ஓடலாம், பிள்ளை பெறலாம். செங்குழியங்கள் அளவில் சின்னதாக இருக்கும், ஈமோகுளோபின் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், அவ்வளவுதான். இலங்கையில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் பீட்டா தலசீமியா காவிகள். அப்படியென்றால் வெள்ளவத்தைச் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை மரக்கறி வாங்குகிற கூட்டத்துக்குள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு விசயம் மட்டும் கவனிக்க வேண்டும். 26 வயதுப் பிள்ளை ஒருவர் தாயோடு வந்தார். ஈமோகுளோபின் 10.8. "எப்பவும் இரத்தம் குறைவு" என்று இரண்டு வருடத்துக்கு மேல் இரும்புக் குளிசை, மாதுளம்பழம், ஈரல், முருங்கையிலை எல்லாம் கொடுத்தும் ஏறவில்லை. ரிப்போட்டைப் பார்த்தால் எம்.சி.வி, அதாவது செங்குழியத்தின் பருமன், 64. வழமையாக 80க்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் செங்குழிய எண்ணிக்கை 59 லட்சம். இரும்புச்சத்து இல்லாமல் இரத்தம் குறைந்தால் எண்ணிக்கையும் குறைந்துதான் வரும். குழியம் சின்னது, ஆனால் ஏராளம் என்றால் தலசீமியாக் காவியோ என்று யோசிக்க வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கிற இரும்பைக் காட்டும் பெரிட்டின் பரிசோதனை பார்த்தோம், இரும்பு தாராளம். அந்தக் குளிசை ஒன்றும் அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. பெரிட்டின் பார்க்காமல் வருடக்கணக்கில் இரும்புக் குளிசை விழுங்காதீர்கள், தேவையில்லாத இரும்பு உடம்பில் சேர்ந்துதான் கிடக்கும்.

அந்தப் பிள்ளையின் தாய் முதலில் கேட்டது, "இனி இவளை ஆர் கட்டுவான்?" அதற்கான பதில் கீழே இருக்கிறது.

நாலுக்கு ஒண்டு எண்டு டொக்டர் சொன்னவர். மூத்தவனுக்கு வந்திட்டுது, அப்ப அடுத்த மூண்டுக்கும் வராது தானே?

இந்தக் கணக்கை நம்பி அடுத்த பிள்ளையைப் பெற்ற குடும்பங்களை எனக்குத் தெரியும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். நாலுக்கு ஒன்று என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும். இரண்டு நாணயத்தைச் சேர்த்துச் சுண்டுங்கள். இரண்டிலும் தலை விழுவது நாலுக்கு ஒரு தடவை. இப்போது விழுந்துவிட்டது என்பதற்காக அடுத்த முறை நாணயம் ஞாபகம் வைத்துக்கொண்டு வேறு பக்கம் விழாது.

தாயும் தகப்பனும் காவி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு வருத்தம் வர 25 சதவீதம், பிள்ளை காவியாக 50, இரண்டு பிரதியும் நல்லதாக 25. இரண்டு பிள்ளை பெற்றால் குறைந்தது ஒருவருக்காவது வருத்தம் வர ஏறக்குறைய 44 சதவீதம். நாலு பிள்ளையும் சுகமாகப் பிறந்த வீடும் உண்டு, முதல் இரண்டுக்கும் வந்த வீடும் உண்டு.

பிள்ளைக்கு வந்தது தாயின்ர பக்கத்தால தானே?

கேட்டவர் ஒரு மாமியார். மருமகள் பக்கத்திலேயே நின்றார், பிள்ளை அவர் தோளில் நித்திரை.

தலசீமியா ஒரு பக்கத்தால் வரவே முடியாது. பழுதான பிரதி இரண்டு வேண்டும், ஒன்று தாய் கொடுத்தது, மற்றது தகப்பன் கொடுத்தது, சரி பாதி. தகப்பன் கொடுத்ததை அவருக்குக் கொடுத்தது அவருடைய தாயோ தகப்பனோ. அந்த மாமியாரிடம் இதை மெதுவாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எனக்கும் ஒருக்கா இரத்தம் எடுத்துப் பாருங்கோ" என்றார். நல்ல மனுசி.

தாய் வழியாக மட்டும் போகிறவையும் இருக்கின்றன. கலத்துக்குள் சக்தி தருகிற இழைமணி என்ற பகுதிக்குச் சொந்தமாகக் கொஞ்சம் டீ.என்.ஏ உண்டு, அது தாயிடமிருந்து மட்டும் வரும், அதில் பழுது என்றால் வருகிற வருத்தங்கள் மிக அரிது. மகன்மாருக்குத் தாயிடமிருந்து மட்டும் போகிற இன்னொரு வகை அடுத்த கேள்வியில். ஆனால் எந்த வகையிலும் தாய் தெரிந்து செய்தது ஒன்றும் இல்லை. தன் டீ.என்.ஏயில் எதைக் கொடுப்பது என்று தெரிவு செய்து கொடுத்தவர் உலகத்தில் ஒருவரும் இல்லை.

சில வருத்தம் ஆம்பிளைப் பிள்ளையளுக்கு மட்டும் வருமாம், ஏன்?

23ஆவது சோடிதான் காரணம். பெண்ணுக்கு அது எக்ஸ், எக்ஸ். ஆணுக்கு எக்ஸ், ஒய். ஒய் சின்னது, எக்ஸில் இருக்கிற ஜீன்களில் பெரும்பாலானவை அதில் இல்லை. முதல் பதிலில் எல்லா ஜீனும் இரண்டு பிரதி என்று சொன்னபோது "ஏறக்குறைய" என்று போட்டது இதற்குத்தான். பெண்ணுக்கு ஒரு எக்ஸில் பழுது இருந்தால் மற்றது தாங்கும், ஆணுக்குத் தாங்க இரண்டாவது இல்லை.

காயப்பட்டால் இரத்தம் உறையாத ஈமோபீலியா, தசை பலமிழந்து போகிற டுஷென், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு எல்லாம் இந்த வகை. தாய் காவி என்றால் ஒவ்வொரு மகனுக்கும் வர 50 சதவீதம், ஒவ்வொரு மகளும் காவியாக 50 சதவீதம். தகப்பனுக்கு வருத்தம் என்றால் மகன்மாருக்குப் போகாது, ஏனென்றால் மகனுக்கு அவர் கொடுப்பது ஒய். மகள்மார் எல்லோரும் காவி. விக்டோரியா மகாராணி ஈமோபீலியா காவி, அவருடைய மகள்மார் வழியாக அது ரஷ்ய, ஸ்பானிய அரச வீடுகள் வரை போனது. அதேநேரம் ஈமோபீலியாவில் மூன்றில் ஒரு பங்கு, தாய் வீட்டில் முன்பு யாருக்கும் இல்லாமல் புதிய விகாரமாக, அதாவது ஜீனில் புதிதாக ஏற்பட்ட மாற்றமாக வருவது.

இதே வகையில் ஜி6பிடி குறைபாடு என்று ஒன்று, மலேரியா இருந்த நாடுகளில் பரவலாகக் காணப்படுவது. மற்ற நாளெல்லாம் ஒன்றும் தெரியாது, ஆனால் மலேரியாவுக்குக் கொடுக்கிற பிரைமாகுயின் மாதிரிச் சில மருந்துகள் பட்டால் செங்குழியங்கள் உடையும். அலுமாரியில் போடுகிற பூச்சி உருண்டையும் அப்படி, அந்த உருண்டை போட்டு வைத்த பழைய துணியைக் கைக்குழந்தைக்குச் சுற்றாதீர்கள்.

சொந்த மச்சாளைக் கட்டினா பிள்ளை ஊனமாத்தான் பிறக்குமாம். உண்மையோ?

"தான்" என்பது பொய். சொந்தம் இல்லாத தம்பதியருக்கும் பாரதூரமான பிறவிக் குறை உள்ள பிள்ளை பிறக்க நூற்றுக்கு 2 முதல் 3 வரை சாத்தியம் இருக்கிறது. மாமா மகள், மாமி மகன் அளவு நெருக்கம் என்றால் அது 4 முதல் 6 வரை ஆகிறது. ஏறக்குறைய இரட்டிப்பு. அதேவேளை நூற்றுக்கு 94 பிள்ளைகளுக்கு மேல் அப்படி ஒன்றும் இல்லாமல் பிறக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பாருங்கள்.

ஏன் கூடுகிறது? ஒளிந்திருக்கிற பழுதுகள் எல்லோரிடமும் சில உண்டு. மச்சான் மச்சாளுக்கு ஒரே பாட்டன் பாட்டி, அவர்களிடம் ஒளிந்திருந்தது இரண்டு பக்கத்தாலும் இறங்கி ஒரே பிள்ளையில் சந்திக்கலாம். கணக்காகச் சொன்னால், நீங்கள் தலசீமியா காவி என்றால் ரோட்டில் போகிற யாரோ ஒருவர் காவியாக இருக்க நூற்றுக்கு இரண்டு. உங்கள் சொந்த மச்சாள் காவியாக இருக்க குறைந்தது எட்டுக்கு ஒன்று.

எங்கட ஆக்கள்ல சாச்சாட மகளையும் முடிப்பாங்க. தமிழாக்கள் மாமாட மகள மட்டுந்தான். அதுல என்ன வித்தியாசம் ஈக்கி?

கேட்டவர் ஒரு முஸ்லிம். டீ.என்.ஏ கணக்கில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. மாமா மகளோ, சித்தப்பா அல்லது சாச்சா மகளோ, பெரியம்மா மகளோ, எல்லோரோடும் பொதுவாக இருப்பது எட்டில் ஒரு பங்கு. முறை, முறையில்லை என்பது நம் பழக்கவழக்கம், அதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறது, ஆனால் நிறமூர்த்தத்துக்கு மச்சாள் யார், தங்கச்சி யார் என்று தெரியாது. தாய்மாமனைக் கட்டுவது இன்னும் நெருக்கம், அங்கே பொதுவாக இருப்பது நாலில் ஒரு பங்கு.

ரெண்டு பேருக்கும் ஒரே இரத்த வகை எண்டா கட்டக்கூடாதாம்?

ஒரே வகை என்பதால் ஒரு பிரச்சினையும் வராது. ஓ பொசிட்டிவ்வும் ஓ பொசிட்டிவ்வும் தாராளமாகக் கட்டலாம். கவனிக்க வேண்டியது பெண் நெகட்டிவ், ஆண் பொசிட்டிவ் என்ற இடத்தில் மட்டும், அதற்கும் அன்டி-டி என்ற ஊசி இருக்கிறது. கர்ப்பத்தில் 28ஆம் கிழமை அளவிலும், பிறந்த பிள்ளை பொசிட்டிவ் என்றால் 72 மணித்தியாலத்துக்குள்ளும் போடுவார்கள். அதற்காகக் கலியாணத்தை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் மனம் நோகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளையின் இரத்த வகையை வைத்து, இது என்னுடைய பிள்ளை இல்லை என்று சண்டை பிடித்த வீடும் உண்டு. ஏயும் பியும் சேர்ந்தால் நாலு வகையும் பிறக்கலாம். ஓவும் ஓவும் சேர்ந்து ஏ வருவது வழமை இல்லை, ஆனால் 1952இல் பம்பாயில் கண்டுபிடித்த பம்பாய் வகை என்று ஒன்று உண்டு, சாதாரணப் பரிசோதனையில் ஓ மாதிரியே தெரியும், உள்ளே ஏயோ பியோ ஒளிந்திருக்கும். ஒரு துண்டுக் கடதாசியைப் பார்த்துக் குடும்பத்தைப் பிரிக்காதீர்கள்.

குறிப்புப் பொருத்தம் எல்லாம் பாத்தாச்சு. இதுக்கும் பொருத்தம் பாக்கிற டெஸ்ட் இருக்கோ?

இருக்கிறது. முதலில் எஃப்.பி.சி, அதாவது இரத்தக் கலங்களை எண்ணி அளக்கும் சாதாரணப் பரிசோதனை, எங்கேயும் எடுக்கலாம், சாப்பிடாமல் வரத் தேவையில்லை. ஊதா மூடிக் குழாயில் இரண்டு மூன்று மில்லிலீற்றர் போதும். எம்.சி.வி 80க்குக் கீழே, எம்.சி.எச் (ஒரு செங்குழியத்தில் உள்ள ஈமோகுளோபின் அளவு) 27க்குக் கீழே என்றால் அடுத்தது எச்.பி.எல்.சி. ஈமோகுளோபினை வகை வகையாகப் பிரித்துக் காட்டும் பரிசோதனை அது. அதில் ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் பீட்டா தலசீமியா காவி. இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்து இருந்தால் ஏ2 கீழே இறங்கி ஏமாற்றலாம், அதனால் பெரிட்டினும் பார்க்க வேண்டும்.

எப்போது செய்வது என்பதுதான் பெரிய விசயம். மண்டபம் புக் பண்ணி, கூறைச்சேலை எடுத்து, வெளிநாட்டுச் சொந்தம் டிக்கெட் போட்ட பிறகு வருகிறார்கள். அப்போது ரிப்போட் எப்படி வந்தாலும் யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. பேச்சுக்கால் தொடங்கு முன்னமே, ஏன் ஓ.எல், ஏ.எல் முடித்த கையோடேயே, தன்னுடையதை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளலாம். காவி என்பது வாழ்நாளில் மாறாது, ஒரு தரம் சரியாகப் பார்த்தால் போதும். ஒருவர் காவி இல்லை என்று உறுதியானால் மற்றவர் காவியாக இருந்தாலும் பிள்ளைக்குத் தலசீமியா வராது. அந்தத் தாயின் "ஆர் கட்டுவான்" என்ற கேள்விக்குப் பதில் இதுதான், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பெடியன்கள் கட்டலாம்.

சைப்பிரஸ் தீவில் தலசீமியா மிகப் பரவலாக இருந்தது. கலியாணத்துக்கு முன் பரிசோதிப்பதை எழுபதுகளிலிருந்து வழக்கமாக்கிய பிறகு புதிதாக நோயோடு பிறக்கும் பிள்ளைகள் ஏறக்குறைய இல்லாமலே போனார்கள்.

எனக்கு தலசீமியா காவி, அவருக்கு ஈமோகுளோபின் ஈ காவி எண்டு வந்திருக்கு. வேற வேற தானே, பிரச்சினை இல்லைத்தானே?

பெயர்தான் வேறு, இடம் ஒன்று. இரண்டுமே 11ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள அதே பீட்டா ஜீனில் வருகிற பழுது. தலசீமியாவில் உற்பத்தி குறைகிறது, ஈ வகையில் 26ஆவது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு உங்களிடமிருந்து ஒன்றும் அவரிடமிருந்து மற்றதும் வந்தால் ஈ பீட்டா தலசீமியா, அதே நாலுக்கு ஒன்று கணக்குத்தான். இலங்கையில் இது அரிதும் இல்லை. சில பிள்ளைகளுக்கு இலேசாக இருக்கும், சிலருக்கு வழமையான தலசீமியா மாதிரியே இரத்தம் ஏற்ற வேண்டி வரும், பிறக்கும் முன் எந்தப் பக்கம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ரெண்டு பேரும் காவி. விரும்பித்தான் கட்டப் போறம். பிரியத்தான் வேணுமோ?

இதைக் கேட்ட இருவரும் கவுண்டருக்கு முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிரியுங்கள் என்று சொல்ல நான் யார்? தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்று மட்டும் சொன்னேன். தெரிய வேண்டியவை இவை.

தலசீமியா பிள்ளைக்கு மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற இரத்தத்திலிருந்து இரும்பு சேர்ந்து இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும், அதை வெளியேற்ற மருந்து வேண்டும். முன்பு வயிற்றுத் தோலுக்குள் ஊசியைக் குத்தி, சின்னப் பம்பைக் கட்டிவிட்டு, கிழமையில் ஐந்து இரவாவது எட்டுப் பத்து மணித்தியாலம் ஏற்றுவார்கள். இப்போது குளிசையாகவும் இருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் படிக்கலாம், வேலை செய்யலாம், கட்டலாம். குருநாகலில் தலசீமியாவுக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. எலும்பு மச்சை மாற்றும் சிகிச்சையால் குணமாக்கவும் முடியும், பொருந்துகிற மச்சை வேண்டும், கூடப்பிறந்த ஒருவருடையது பொருந்த நாலுக்கு ஒன்று.

கர்ப்பத்தில் 11ஆம் கிழமைக்குப் பிறகு நஞ்சுக்கொடியில் துளி எடுத்துப் பார்க்கும் பரிசோதனை உலகில் உண்டு. ஆனால் இலங்கைச் சட்டம், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்கு இடம் கொடுக்கிறது. ரிப்போட் வந்த பிறகு என்ன செய்வது என்பதை அதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். கருவை வெளியே உருவாக்கி, பரிசோதித்து வைக்கும் வழியும் உண்டு, செலவு பெரிது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், கின்சி வீதியில், 1983இல் தொடங்கிய மனிதப் பிறப்புரிமையியல் பிரிவு இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் அங்கே போய் ஆலோசனை கேட்கலாம். இருவரும் சேர்ந்து போங்கள், ஒருவர் மட்டும் போய் வந்து மற்றவருக்குச் சொல்லும்போது பாதி தொலைந்துவிடும்.

வயசு போய்ப் பெத்ததாலதான் டவுன் சிண்ட்ரோம் பிள்ளை பிறந்தது எண்டு சொல்லுறாங்கள். அதுவும் பரம்பரையோ?

பெரும்பாலும் பரம்பரை இல்லை. 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்று, இதை 1959இல் கண்டுபிடித்தார்கள். முட்டையோ விந்தோ உருவாகும்போது சோடி சரியாகப் பிரியாததால் வருகிறது, தாய் தகப்பன் இருவருடைய டீ.என்.ஏயும் சாதாரணமாகவே இருக்கும். வயதோடு சாத்தியம் கூடுவது உண்மை. 25 வயதில் 1,200க்கு ஒன்று அளவு, 35இல் 350க்கு ஒன்று, 40இல் 100க்கு ஒன்று. ஆனாலும் இந்தப் பிள்ளைகளில் கூடுதலானோர் இளம் தாய்மாருக்கே பிறக்கிறார்கள், ஏனென்றால் பிள்ளை பெறுகிறவர்களில் கூடுதலானோர் இளம் தாய்மார்.

நூற்றுக்கு மூன்று நாலு பேரில் மட்டும் 21இன் துண்டு வேறொரு நிறமூர்த்தத்தோடு ஒட்டியிருக்கும், அது சிலவேளை தாயிடமோ தகப்பனிடமோ இருந்து வந்ததாக இருக்கலாம். அடுத்த பிள்ளை யோசிக்கிறவர்கள் இந்த வகையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிரகணத்துக்க வெளியில போனதாலதான் பிள்ளைக்கு உதடு பிளந்தது எண்டு என்ர மாமியார் இண்டைக்கும் சொல்லுறா.

கிரகணத்துக்கும் உதட்டுக்கும் தொடர்பு இல்லை. உதடும் அண்ணமும் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள் பொருந்துகின்றன, பல தாய்மாருக்கு உண்டாகியிருப்பது தெரிகிற காலமே அதுதான். பல ஜீன்களும் சூழலும் சேர்ந்து வருவது, குடும்பத்தில் முன்பு இருந்தால் சாத்தியம் கொஞ்சம் கூடும். சத்திரசிகிச்சையால் நன்றாகவே சரி செய்கிறார்கள். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போலிக் அமிலக் குளிசை எடுங்கள், அது முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குறையைப் பெருமளவு தடுக்கும் என்பது உறுதியான விசயம்.

அப்பாக்கு வந்தது எனக்கு பாதிக்குப் பாதி வருமாம். இப்பவே டெஸ்ட் செய்யவா?

கேட்டவரின் தகப்பனுக்கு ஹண்டிங்டன் என்ற மூளை வருத்தம். 4ஆம் நிறமூர்த்தத்தில் வருகிற பழுது, ஜீன் 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. இங்கே ஒரு பிரதி பழுதானாலே போதும், மற்றப் பிரதி தாங்காது. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீதம், ஆண் பெண் பேதமில்லை. பெரும்பாலும் 30க்கும் 50க்கும் இடையில்தான் கை கால் கட்டுப்பாடில்லாமல் அசைவது, குணம் மாறுவது எல்லாம் தொடங்கும், அதற்குள் பலர் பிள்ளை குட்டியும் பெற்றுவிடுவார்கள்.

பரிசோதனை இருக்கிறது, குணமாக்கும் மருந்து இல்லை. அதனால் இதை மற்ற இரத்தப் பரிசோதனை மாதிரி வருகிற வழியில் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது, முதலில் ஆலோசனை, பிறகு யோசிக்க நேரம், பிறகுதான் ஊசி. தெரிந்துகொள்ள வேண்டாம் என்பதும் ஒருவருடைய உரிமை. 18 வயதுக்குக் குறைந்த, அறிகுறி இல்லாத பிள்ளைக்கு இதைச் செய்யச் சொல்லிக் கேட்காதீர்கள். பெரியவனாகி அவனே முடிவெடுக்கட்டும்.

சீனி, பிரஷர் எல்லாம் பரம்பரை எண்டா, பத்தியம் இருந்து என்ன பிரயோசனம்?

நிறையப் பிரயோசனம். இரண்டாம் வகைச் சலரோகத்தில் ஒரு ஜீன் இல்லை, சின்னச் சின்னதாகத் தள்ளிவிடுகிற நூற்றுக்கணக்கான இடங்கள். நாலுக்கு ஒன்று, பாதிக்குப் பாதி என்ற கணக்கு இங்கே செல்லாது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இருந்தால் உங்களுக்குச் சாத்தியம் கூட, அவ்வளவுதான். நடை, எடை, சோற்றின் அளவு எல்லாம் அதைக் குறைக்கும்.

லண்டன்ல இருக்கிற அண்ணா துப்பல் அனுப்பி டீ.என்.ஏ டெஸ்ட் செய்தவர், ஒண்டும் இல்லையாம். அப்ப எங்கள் எல்லாருக்கும் ஒண்டும் இல்லைத்தானே?

அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் தெரிவு செய்த சில இடங்களை மட்டும் பார்க்கின்றன. பீட்டா ஜீனில் தலசீமியா உண்டாக்கும் விகாரங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அதில் வரவில்லை என்பது இல்லை என்று ஆகாது. தலசீமியாவுக்கு மேலே சொன்ன எஃப்.பி.சியும் எச்.பி.எல்.சியும்தான். அடுத்தது, அண்ணாவிடம் இல்லை என்பது உங்களிடம் இல்லை என்றும் ஆகாது. சீட்டுக் குலுக்கல் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி.

எனக்கு காவி எண்டு வந்திட்டுது. ஆருக்கெல்லாம் சொல்லோணும்?

கூடப்பிறந்தவர்களுக்கு முதலில். அவர்கள் ஒவ்வொருவரும் காவியாக இருக்க 50 சதவீதம். பிறகு, அது அம்மாவின் பக்கமா அப்பாவின் பக்கமா என்று பார்த்து, அந்தப் பக்கத்து மாமா, சித்தி, அவர்களின் பிள்ளைகள். கட்டப் போகிறவருக்குக் கட்டாயம். வேலை செய்யும் இடத்துக்கோ அயலுக்கோ சொல்லத் தேவையே இல்லை. ரிப்போட்டைப் படம் எடுத்து வைத்திருங்கள், எம்.சி.வி, ஏ2 இரண்டு எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் சகோதரத்தின் டொக்டருக்கும் அந்த எண்கள் போதும்.

மேலே சொன்ன 26 வயதுப் பிள்ளை அடுத்த சனிக்கிழமை தம்பியையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்தார். தம்பிக்கு ஊசி என்றால் பயம், இவர்தான் அவன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார். தங்கச்சி காவி, தம்பி இல்லை. தாய் வெளியே வாங்கில் இருந்தார், ரிப்போட் வந்ததும் மூத்த மகள்தான் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்து, நாணயத்தைச் சுண்டிக் காட்டி விளங்கப்படுத்தினார்.